உதைக்கு முன்னால் மூன்று முறை

மார்ச் 4, செவ்வாய்

காலை ஷிப்ட். ஆறாம் பிளாக்கில் தண்ணீர்த் தொட்டியடியில் இரண்டு கைதிகள் கட்டிப் புரண்டார்கள். காரணம் அரைத் துண்டு சோப்பு. விசிலடித்துவிட்டு உள்ளே இறங்கினேன். யார் ஆரம்பித்தது என்று கேட்கவில்லை. கேட்டால் இரண்டு பேரும் ஆளுக்கொரு கதை விடுவான்கள். லத்தியால் ஆளுக்கு நாலு. முடிந்தது. இருபத்து நாலு வருஷ வார்டர் உத்தியோகத்தில் கற்றது இதுதான். அடி முதலில், விசாரணை அப்புறம்.

"அண்ணே, வயசாக ஆக உங்க கைக்கு வேகம் கூடுதுண்ணே," என்றான் கட்டை. ஆள் குள்ளம், தோள் மட்டும் கதவு அகலம். பதினொரு வருஷமாக என்கூட ஒரே ஷிப்ட்.

சிரித்தேன். ஆளுக்கொரு சிகரெட் பற்றவைத்தோம்.

மார்ச் 11, செவ்வாய்

மகளுக்குப் பரீட்சை. வீட்டில் டிவி கிடையாது, சத்தம் கிடையாது, எனக்கும் வாய் கிடையாது என்று மனைவியின் உத்தரவு. ஜெயிலே தேவலை.

மார்ச் 19, புதன்

உட்காரும்போது வலிக்கிறது. நின்றுகொண்டே எழுதுகிறேன்.

ஆறாம் பிளாக்கில் எவனோ கரண்டிக் காம்பைத் தீட்டிக் கத்தியாக்கி வைத்திருக்கிறான் என்று ஜெயிலருக்குத் தகவல். பத்து மணிக்கு சோதனை. ஒவ்வொரு செல்லாகப் பிரித்துக் கொட்டினோம். கடைசியில் நெட்டையின் செல். செம்புக் கம்பி திருடி உள்ளே வந்தவன். இருபத்தாறு வயசு, ஆறேகால் அடி. துணி வெளுக்கிற வேலை. மூன்று வருஷத் தண்டனையில் இன்னும் நாலு மாசம்தான் பாக்கி. இதுவரை ஒரு வம்பும் இல்லை.

அவன் தலைமாட்டில் கடித அடுக்கு ஒன்று. அவன் அக்கா எழுதியது. கட்டை ஒவ்வொன்றாக உதறிக் கீழே போட்டு அதன்மேலேயே பூட்ஸோடு நின்றான். "சார், காலை எடுங்க சார், அது லெட்டர் சார்," என்று குனிந்தவன் கட்டையின் காலைப் பிடித்து நகர்த்தப் பார்த்தான். வார்டர் மேல் கை வைத்தால் சும்மா இருப்போமா? நாலு பேர் மேலே விழுந்தோம். நான் கால்களைப் பிடித்தேன். துள்ளினான். ஒரு கால் என் பிடியிலிருந்து வழுகி, நேராக என் அடிவயிற்றில்.

கண்ணில் பூச்சி பறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தேன். காலையில் தின்றது வெளியே வந்துவிட்டது. கைதிகள் எல்லாரும் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். ஒருத்தன் சிரித்தான். எவன் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்வேன்.

கத்தி கிடைக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

ரத்தம்.

ஸ்டாஃப் கழிவறையில். வலி இல்லை, எரிச்சல் இல்லை, சாதாரணமாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். கீழே பார்த்தால் சிவப்பு. வெள்ளைப் பீங்கான் முழுக்கச் சிவப்பு. பக்கத்தில் நின்ற கட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ அண்ணே," என்று கத்திக்கொண்டு ஓடினான். ஐந்து நிமிஷத்தில் ஜெயில் முழுக்கச் சேதி போய்விட்டது.

ஜெயில் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மாத்திரை எழுதினார். "உதை விழுந்ததால் சிறுநீர்ப்பையில் காயம், அதனால் ரத்தக் கசிவு" என்று சான்றிதழ். ஜெயிலர் அதைக் கையில் வாங்கிப் படித்தார். "பணியில இருக்குற ஊழியரைத் தாக்கி கொடுங்காயம். இது போதும். பையன் ஜூலையில வெளிய போகமாட்டான்."

மார்ச் 21, வெள்ளி

எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன்.

சமையல் கட்டுக்குப் பின்னால் இருக்கிற ஸ்டோருக்கு நெட்டையைக் கூட்டிவரச் சொன்னேன். பகல் பதினோரு மணி. கட்டையும் இன்னும் மூன்று பேரும். கதவைச் சாத்தியதும் நான் முதலில் செய்தது, கடிகாரத்தைக் கழற்றி மூட்டை மேல் வைத்தது. கண்ணாடி உடைந்துவிடும் என்று. எவ்வளவு நிதானம் பார்.

ரப்பர் குழாய். முதலில் முட்டி, அப்புறம் முதுகு, உள்ளங்கால். அவன் கத்தக் கத்த எனக்கு உள்ளே ஏதோ இளகியது. "நான் உதைக்கல சார், உதறினேன் சார்! காலை உதறினேன் சார்!" என்று ஒரே பல்லவி. கட்டை அவனைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். அத்தனை உயரமும் மடங்கி என் முகத்துக்கு நேராக வந்தது. "உன்னால எனக்கு ரத்தம் போகுதுடா," என்று சொல்லிக்கொண்டே கையைக் குழித்து இடது காதில் அறைந்தேன். ஒரு தடவை இல்லை. அவன் "உதறினேன்" என்பதை நிறுத்துகிற வரைக்கும்.

காதிலிருந்து மெல்லியதாக ஒரு கோடு கழுத்துக்கு இறங்கியது. அப்புறம் நான் எது சொன்னாலும் "ஆ? ஆ?" என்றான். நடிக்கிறான் என்று கட்டை இன்னொன்று வைத்தான்.

கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் நன்றாக இருந்தது.

மார்ச் 22, சனி

வலது கை வீங்கியிருக்கிறது. மனைவி கேட்டாள். கதவில் இடித்தது என்றேன். "எந்தக் கதவு, எங்க அப்பா வீட்டுக் கதவா?" என்றாள். எரிச்சலில் இருந்தாலும் சிரிப்பு வந்துவிட்டது.

ஏப்ரல் 2, புதன்

ஐந்து நாள் நின்றிருந்தது. இன்றைக்கு மறுபடி. இந்தத் தடவை சும்மா ரத்தமில்லை, கட்டி கட்டியாக. ஈரல் துண்டு மாதிரி. கொஞ்ச நேரம் அடைத்துக்கொண்டு, முக்கினால் ஒன்று விழுகிறது, அப்புறம் கொட்டுகிறது. அரை மணிக்கொரு தடவை முட்டிக்கொண்டு வருகிறது. வாட்ச் டவரில் நிற்கும்போது இறங்கி ஓட வேண்டியிருக்கிறது.

ஜெயில் டாக்டர் மாத்திரையை மாற்றினார். "உதை ஆழமா விழுந்திருக்கு."

திரும்பி வரும் வழியில் துணி வெளுக்கிற இடத்தைத் தாண்டி வந்தேன். நெட்டை ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தான். பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. கூப்பிட்டது கேட்கவில்லையோ, கேட்டும் திமிரோ. ஒரு வாளியை எட்டி உதைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 9, புதன்

மனைவி பார்த்துவிட்டாள். தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன்.

யூனிபார்ம் தைக்கிற கம்பெனியில் சூப்பர்வைசர் அவள். ஐம்பது பெண்களை மேய்க்கிற குரல். அந்தக் குரலை எடுக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, இது எத்தனை நாளா?"

"உதை விழுந்ததுலேர்ந்து."

"உதை விழுந்து மூணு வாரம் ஆச்சு. மூக்குல அடிபட்டா ரெண்டு நாள்ல நிக்குது. கை வெட்டினா ஒரு வாரத்துல காயுது. இது என்ன, தீராத ரத்தமா?"

"டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ?"

"அந்த டாக்டர் தலைவலிக்கும் வயித்துவலிக்கும் ஒரே மாத்திரை குடுக்கறவர்னு நீங்கதானே சொன்னீங்க? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம். நாளைக்கே."

தட்டு என் கையிலிருந்து எப்படிப் போனது என்று தெரியாது. சுவரில் பட்டு, சாப்பாடு அவள் மேலெல்லாம். எழுந்தேன். கை ஓங்கியிருந்தது. நடுவில் மகள் வந்து நின்றாள். பதினாறு வயசு. என் நெஞ்சு உயரம். "என்னை அடிங்கப்பா," என்றாள். அழவில்லை. கைதிகளைத்தான் அப்படிப் பார்த்திருக்கிறேன், அடி எப்போது விழும் என்று தெரிந்தவர்கள் நிற்கிற விதம்.

கையை இறக்கினேன். மனைவி தோளில் ஒட்டியிருந்ததைத் துடைத்துக்கொண்டே, "வியாழக்கிழமை ஸ்கேன். சொல்லி வச்சிடறேன்," என்றாள்.

ஏப்ரல் 14, திங்கள்

ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. சிறுநீர்ப்பையின் இடது சுவரில் மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஏதோ ஒன்று. "ரத்தக் கட்டியாக இருக்கலாம், அல்லது வளர்ச்சியாக இருக்கலாம், மேலும் பரிசோதிக்கவும்" என்று போட்டிருக்கிறார்கள். ஜெயில் டாக்டர் முதல் பாதியை மட்டும் படித்தார். "ரத்தக் கட்டி. உதையோட மிச்சம்."

ஜெயிலர் அதை நகல் எடுத்து வழக்குக் கோப்பில் சேர்த்தார். கட்டை டீ வாங்கிக்கொடுத்தான். நான் மூன்று சிகரெட் பிடித்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மனைவி விடவில்லை. மூத்திரப் பை டாக்டரிடம் இன்று. பெண் டாக்டர் என்று உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. நாற்பது வயசிருக்கும். ரிப்போர்ட்டை ஒதுக்கி வைத்துவிட்டுத் தானே ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்துப் பார்த்தார்.

"இடது பக்கமா ஒருக்களிங்க." ஒருக்களித்தேன். "இப்ப வலது பக்கம்." ஒருக்களித்தேன். அப்புறம் திரையை என் பக்கம் திருப்பினார்.

"ரத்தக் கட்டியா இருந்தா நீங்க திரும்பும்போது உருளும். கோலிக்குண்டு மாதிரி. இது உருளல. சுவத்தோட ஒட்டியிருக்கு."

"உதைச்ச இடம் டாக்டர். அங்கதான் உதைச்சான்."

"வலி இருக்கா?"

"இல்ல."

"சிகரெட்?"

"உண்டு."

"எத்தனை வருஷம்?"

"இருபத்தேழு," என்றாள் மனைவி. "ஒரு நாளைக்கு ஒண்ணரைப் பாக்கெட். கல்யாணத்தன்னிக்கும்."

டாக்டர் எழுதிக்கொண்டார். தலை நிமிராமல் கேட்டார். "இந்த உதைக்கு முன்னால எப்பவாவது ரத்தம் போயிருக்கா? ஒரே ஒரு தடவையா இருந்தாலும்?"

"இல்ல."

நிமிர்ந்து பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

கேமராக் குழாயை முன்பக்கமாக விட்டுப் பார்த்தார்கள். மரத்துப்போக ஜெல்லி. கால் இரண்டையும் தூக்கித் தொட்டிலில் கட்டின மாதிரி. எத்தனை பேரை இப்படிக் கால் தூக்கிப் பிடித்திருக்கிறேன். துள்ளக் கூடாது என்று நர்ஸ் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

திரையில் உள்ளே எல்லாம் இளஞ்சிவப்பு. நரம்புகள் வேர் மாதிரி. அப்புறம் அது. காலிஃப்ளவர் மாதிரி ஒரு கொத்து, தண்ணீரில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதன் நுனியிலிருந்து ரத்தம் புகை மாதிரி இழையிழையாக. பக்கத்தில் இன்னும் இரண்டு சின்னது.

"பாத்தீங்களா?"

"அவன் உதைச்ச உதையில வந்தது."

"இல்லீங்க. இது கட்டி. பார்த்தாப் புத்துநோய் மாதிரிதான் இருக்கு. வெட்டி எடுத்து சோதனைக்கு அனுப்பினாத்தான் உறுதியாச் சொல்லலாம். ஆனா இவ்வளவு வளரணும்னா மாசக்கணக்கு ஆகும். வருஷமே ஆகியிருக்கலாம். உதையால இது வராது."

"அவன்தான் பண்ணினான்!"

கட்டியிருந்த காலை இழுத்தேன். ஒரு ட்ரே கவிழ்ந்தது. அட்டெண்டர் தோளை அமுக்கினான், நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் திருகினேன். பட்டன் தெறித்தது. குழாய் இன்னும் உள்ளே இருந்தது. டாக்டர் கத்தவில்லை. "உள்ள கிழிஞ்சா உங்களுக்குத்தான் நஷ்டம். கையை விடுங்க," என்றார். விட்டேன்.

அட்டெண்டரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஏப்ரல் 26, சனி

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூட எழுதாததை.

உதைக்கு முன்னால் மூன்று முறை.

முதல் தடவை போன வருஷம் அக்டோபரில். ஆறாம் பிளாக் பின்சுவர் ஓரம் ஒதுங்கினேன். மண் சிவந்தது. பூட்ஸால் மண்ணைத் தள்ளி மூடினேன். இரண்டாவது ஜனவரியில், வீட்டில். பீட்ரூட் சாப்பிட்டோமா என்று யோசித்தேன். சாப்பிடவில்லை. மூன்றாவது பிப்ரவரி கடைசியில். உதை விழுவதற்கு மூன்று வாரம் முன்னால். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள்தான். அடுத்த நாள் தெளிவாகிவிடும். வலியில்லை. வலியில்லாதது எப்படி நோயாகும்? யாரிடமும் சொல்லவில்லை. எழுதினால் உண்மையாகிவிடும் என்று எழுதவில்லை. நாட்குறிப்பு என்ன நாட்குறிப்பு. எனக்கே பொய் சொல்கிற நோட்டு.

அவன் உதைத்தபோது — உதறினபோது — எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மறுநாள் அந்தப் பீங்கானில் சிவப்பைப் பார்த்ததும் முதலில் வந்தது பயமில்லை. அப்பாடா. காரணம் கிடைத்துவிட்டது. ஒரு ஆள் கிடைத்துவிட்டான். அதைச் செய்தவன் பூட்டின கதவுக்குப் பின்னால் இருக்கிறான், சாவி என் இடுப்பில் இருக்கிறது.

எனக்குத் தெரியும். அவன் காதில் அறையும்போதே தெரியும்.

குளியலறைக் கண்ணாடியைக் குத்திவிட்டேன். நாலு தையல்.

மே 6, செவ்வாய்

ஆபரேஷன். முதுகில் ஊசி. கத்தியில்லை, அதே வழியாகப் போய்ச் சுரண்டி எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே நான் இல்லை. கருகின நாற்றம் மட்டும் வந்தது. நான்தான் கருகினது.

மே 8, வியாழன்

குழாய் வழியாக ரத்தம் பையில் இறங்குகிறது. முதலில் திராட்சைச் சாறு நிறம், இன்றைக்கு ரோஜா நிறம். மனைவி மணிக்கொரு தடவை பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறாள், துணிக்குச் சாயம் பார்க்கிற மாதிரி.

மத்தியானம் கட்டை வந்தான். ஆப்பிள் வாங்கி வந்தான். அவள் டீ வாங்கப் போனதும் கட்டிலில் குனிந்து சொன்னான். "அண்ணே, புத்துநோய்னு கேள்விப்பட்டோம். நாங்க சும்மா இருப்பமா? நேத்து அவனுக்கு நல்லா ஒரு ரவுண்டு கொடுத்தோம். நம்ம அண்ணனுக்கு நோயை வரவெச்சவன்டா நீ, அப்படின்னு சொல்லிச் சொல்லி. ரெண்டு விலா போயிருக்கும்."

சொல்ல வாயைத் திறந்தேன்.

"அவன் இல்லடா," என்றேன்.

"என்னண்ணே?"

"அவனால வரல."

கட்டை நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "மயக்க மருந்து இன்னும் இறங்கலண்ணே. தூங்குங்க."

தூங்கினேன். தூங்கிவிட்டேன். விலா போனவன் தூங்கினானா?

மே 15, வியாழன்

சோதனை முடிவு. புற்றுநோய்தான். வேகமாக வளர்கிற வகை. முதல் படலத்தைத் தாண்டி அடுத்ததற்கு வந்துவிட்டது, தசைக்குள் இறங்கவில்லை. "இறங்கியிருந்தா பையையே எடுக்க வேண்டி வந்திருக்கும். இன்னொரு தடவை அதே இடத்தைச் சுரண்டிப் பார்ப்போம். அப்புறம் வாரம் ஒரு தடவை உள்ளயே மருந்து விடுவோம்," என்றார் டாக்டர். "முதல் தடவை ரத்தம் பார்த்தப்பவே வந்திருந்தீங்கன்னா இன்னும் சுலபம்."

"உதைச்ச அன்னிக்கேவா?" என்று மனைவி கேட்டாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை ஜன்னலைப் பார்க்க முடியவில்லை.

"அக்டோபர்ல," என்றேன்.

மே 16, வெள்ளி

அவளிடம் எல்லாம் சொன்னேன். ஸ்டோர், ரப்பர் குழாய், காது, விலா. கத்துவாள் என்று நினைத்தேன். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"எந்தக் கை?"

"என்ன?"

"எந்தக் கையால அடிச்சீங்க? மார்ச்சுல வீங்கியிருந்துச்சே, அந்தக் கைதானே. எண்ணெய் தேச்சு விட்டேனே நான்."

மெஷினை மிதித்தாள். ஊசிக்கடியில் துணியே இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

ஜெயிலர் அறைக்குப் போனேன். டாக்டர் கடிதத்தை வைத்தேன். "சார், வழக்கை வாபஸ் வாங்கிடலாம். உதையால வந்ததில்ல."

படித்தார். மடித்தார். மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். "நீ புகார் கொடுத்தவன். முதல் சாட்சி. பன்னெண்டாம் தேதி கூண்டுல ஏறி, உதைச்சான், ரத்தம் வந்துச்சுன்னு சொல்லு. ரெண்டும் பொய் இல்லையே? நடுவுல இருக்கறதை யாரும் கேக்கமாட்டாங்க."

"அவன் காது போயிடுச்சு சார்."

எழுந்து வந்தார். என் தோளில் கை வைத்து, அமுக்கி, சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். முகத்துக்கு நேரே மூச்சு. "நீ மட்டுமா அடிச்ச? நாலு பேர் குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்துவியா? நோயாளின்னு பாக்கறேன். போ."

டிராயரில் வைத்தது நகல்தான். மனைவி அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஜூன் 12, வியாழன்

கோர்ட்டில் மின்விசிறி கடகடவென்று சத்தம். நெட்டை கூண்டில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றான். நீதிபதி கேட்டதற்கெல்லாம் வலது காதைத் திருப்பினான்.

அரசு வக்கீல் ஆரம்பித்தார். "இவர் உங்களை உதைத்தாரா?"

"நாலு பேர் பிடிச்சிருந்தோம். காலை உதறினார். என் மேல பட்டது."

"அதனால் ரத்தக் கசிவு ஏற்பட்டது?"

"இல்ல. எனக்குப் புத்துநோய். அக்டோபர்லேர்ந்தே ரத்தம் போச்சு. நான் மறைச்சேன்."

வக்கீல் காகிதத்தைப் புரட்டி, சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்று நீதிபதியிடம் சொன்னார். நான் பையிலிருந்து அசல் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். நீதிபதி படித்துவிட்டுக் கேட்டார். "இவர் காதில் என்ன?"

"நான் அடிச்சேன் ஐயா. மார்ச் இருபத்தொண்ணு. என் கையாலதான்."

"தனியாகவா?"

பின் பெஞ்சில் கட்டை உட்கார்ந்திருந்தான். தலையை மெல்ல ஆட்டினான், வேண்டாம் என்று. பதினொரு வருஷம். என் மகளை ஸ்கூலில் சேர்க்கப் போனபோது வரிசையில் நின்றவன்.

நாலு பேரையும் சொன்னேன். கட்டையை முதலில்.

ஜூன் 13, வெள்ளி

சஸ்பெண்ட். லாக்கரைக் காலி செய்யப் போனேன். பகல் ஒரு மணி. கதவு சாத்தப்பட்டது.

யார் ஆரம்பித்தது என்று தெரியும். கட்டைதான். முதல் குத்து வாயில். பல் ஒன்று நாக்கின் மேல் வந்து விழுந்தது. கீழே விழுந்ததும் பூட்ஸ். நான் உதறவுமில்லை, தடுக்கவுமில்லை. சிறுநீர்ப்பையை மட்டும் காப்பாற்றச் சுருண்டு படுத்தேன், புழு மாதிரி. யாரோ ஒருத்தன் முதுகுப் பக்கம், சரியாகச் சிறுநீரகத்தின் மேல், மூன்று தடவை. நிதானமாக. என்னிடம் கற்றுக்கொண்டவன்தான். கட்டை அழுதுகொண்டே அடித்தான். "அண்ணன்னு கூப்பிட்டனேடா," என்றான். முதல் தடவையாக என்னை டா போட்டான்.

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தேன். சிறுநீரில் ரத்தம்.

ஜூன் 16, திங்கள்

ரத்தம் நின்றுவிட்டது. சனிக்கிழமை சிவப்பு, ஞாயிறு இளஞ்சிவப்பு, இன்றைக்குத் தண்ணீர். கூடவே முதுகு முழுக்கக் கொலை வலி.

உதையால் வருகிற ரத்தம் இப்படித்தான் இருக்குமாம்.

டாக்டர் கோபத்தில் கையிலிருந்த பேனாவை வீசினார். இரண்டாவது ஆபரேஷனை ஒரு வாரம் தள்ளிவைத்தார். போலீசில் சொல்லச் சொன்னார். சொல்லவில்லை. இதையும் சொன்னால் என்ன என்று மனைவி கேட்கிறாள்.

ஜூலை 18, வெள்ளி

நெட்டை மேல் போட்ட வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. இன்று விடுதலை.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்து எனக்கு நேற்று முதல் தடவை மருந்து ஏற்றினார்கள். காசநோய்த் தடுப்பூசியில் போடுகிற அதே கிருமியாம். உள்ளே விட்டு, இரண்டு மணி நேரம் அடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே வரும்போது நெருப்பு. சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். ஐந்து பாக்கி.

ஜூலை 29, செவ்வாய்

வாக்குமூலம் கொடுக்கக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது வழக்கு எங்கள் மேல். நடைபாதை பெஞ்சில் நெட்டை உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் ஒரு பெண். அந்தக் கடிதங்கள் எழுதின அக்காவாக இருக்கும். அவன் போட்டிருந்த சட்டைக்குக் கை குட்டையாக இருந்தது. எதிரில் நின்றுகொண்டிருந்தேன், பெஞ்சின் காலி ஓரத்தில் போய் உட்கார்ந்தேன்.

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். எவ்வளவு நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்தது. தப்பு என்னோடதுப்பா, எனக்கு முதல்லயே தெரியும், தெரிஞ்சேதான் அடிச்சேன், மன்னிச்சிடு. ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன். அவன் அசையவேயில்லை. சரி, கேட்கப் பிடிக்கவில்லை என்று எழப் போனேன்.

அக்காதான் எட்டிப் பார்த்தாள். "அந்தக் காதுல ஒண்ணும் விழாதுங்க. ஏதாவது சொல்றதா இருந்தா இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

எழுந்து சுற்றிக்கொண்டு போனேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள். மறுபடி சொல்ல வேண்டும். ஒன்றும் வரவில்லை. நெட்டை வலது காதைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தான், டாக்டரிடம் காட்டுகிற மாதிரி.

"நீ உதைக்கல," என்றேன்.

"அதான் சொன்னனே சார்."

"தெரியும்."

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

கை மேலே போனது. நீளக் கை. கண்ணை மூடிக்கொண்டேன். விழட்டும் என்றிருந்தது, சத்தியமாக. எதுவும் விழவில்லை. திறந்தபோது உள்ளங்கையால் இடது காதைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "உள்ள எந்நேரமும் விசில் அடிக்குது சார்," என்றான். "உங்க விசில் மாதிரியே."

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவனுக்குக் கேட்கவில்லை. அக்கா தட்டி எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 25, வியாழன்

கேமரா. இடது சுவரில் ஒரு வெள்ளைத் தழும்பு, வேறு ஒன்றுமில்லை. "இப்போதைக்குச் சுத்தம்," என்றார் டாக்டர். "இப்போதைக்கு" என்பதை அழுத்திச் சொன்னார். மூன்று மாசத்துக்கொரு தடவை பார்க்க வேண்டும், வருஷக்கணக்கில். திரும்பி வருகிற குணமுள்ள நோய்.

வெளியே அந்த அட்டெண்டர் நின்றிருந்தான். அவனிடம் கேட்டேன், மன்னிப்பு. "எந்தக் காலர் சார்? எனக்கு தினம் ஒருத்தர் பிடிக்கறாங்க," என்றான்.

அக்டோபர் 6, திங்கள்

குற்றப்பத்திரிகை வந்தது. நான் மருந்துக் கடைக்குப் போயிருந்தேன், மகள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தாள். முழுக்கப் படித்துவிட்டாள் என்று உறையைப் பார்த்ததும் தெரிந்தது. சாப்பிடும்போது, "ஒண்ணாம் எதிரின்னு உங்க பேருதான்ப்பா போட்டிருக்கு," என்றாள். "சரியாத்தான் போட்டிருக்காங்க," என்றேன். குழம்பை என் பக்கம் நகர்த்தினாள்.

வக்கீல் போன் செய்தார். உடம்பைக் காரணம் காட்டி ஒரு வருஷம் தள்ளிப்போடலாமாம். நோய்ச் சான்றிதழ் ஒன்று இருந்தால் போதுமாம். சான்றிதழ் வேண்டாம் என்றேன். பதினாறாம் தேதி வியாழக்கிழமை நோய் திரும்பாமலிருக்க மறுபடி மருந்து தொடங்குகிறது, மூன்று வாரம். ஏற்றின மறுநாள் நிற்க முடியாது. அதனால் வாய்தா புதன்கிழமையாக இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

இரண்டுக்கும் தனியாகப் போய்க்கொள்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கம்பெனிக்கு லீவு லெட்டர் எழுதிக்கொண்டிருந்தாள். புதன், வியாழன், இரண்டு நாளுக்கும்.